இரண்டாவதாகப் பதிந்தவர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கல்கத்தாவுக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், டாக்குரியாவில் பார்சல் குடோன் கட்டினேன், கரியாஹாட்டில் புக்கிங் ஆபீஸ் போட்டேன், மகள் கல்பனாவை இன்ஜினியர் ஆக்கினேன். எல்லாம் ஒற்றை ஆளாக. பேய் என்றால் சிரிக்கிற ஆள் நான். நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

துர்கா பூஜைக்கு முந்தின வாரம். எங்கள் பார்சலுக்கென்று கல்பனா ஜாவாவில், மாட்யூல் என்கிற தனித்தனித் துண்டுகளாக, ஒரு மென்பொருள் எழுதியிருந்தாள். ஒரு பார்சலைப் பதிந்தால் அது இரண்டாகச் சேமித்தது, ஒரே பெட்டிக்கு இரண்டு லாரி போய் நின்றது.

"பதிவைச் சேமிக்கிற பகுதி, அந்த சர்வீஸ், ஒண்ணுதாம்பா எழுதினேன். ஓடவிட்டா அதே பேர்ல ரெண்டு பதிவாகுது."

"ரெண்டு பேரும் எந்த வாசல் வழியா வந்தானுங்கன்னு பாரு."

"இது குடோன் இல்லப்பா. நீங்க டீ குடிங்க."

அவளோடு வேலை பார்க்கும் சௌரவ்தான் திரும்பினான். "காக்கு டிக் போல்சேன், அங்கிள் சரியாத்தான் சொல்றார்." தேடினார்கள். பழைய ஃபோல்டரில் அவளே மறந்துபோன பழைய நகல் ஒன்று கிடந்தது, அதுவும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அழித்தார்கள்.

திரும்ப ஓடவிட்டால், நம்பினால் நம்புங்கள், மறுபடியும் இரண்டு. ஒன்று வந்த ஃபோல்டர் திரையில் தெரிந்தது, மற்றது எங்கிருந்து வந்தது என்று காட்டும் இடம் காலி. நெட் வயரைப் பிடுங்கியும் இரண்டுதான். பட்டப்பகல். ஒரு பார்சலைப் பதியச் சொன்னேன், இரண்டு வரி விழுந்தது. 'சரிபார்த்தவர்' கட்டத்தை நாங்கள் நிரப்புவதே இல்லை. முதல் வரியில் அது காலி. இரண்டாவதில் ஹரிபதோ என்று இருந்தது.

ஹரிபதோ என் கூட்டாளி. குடோன் கட்டியதில் அவருக்கும் கை உண்டு. சரி, பாதிப் பங்கு உண்டு. நான் எண்ணி அனுப்புவதை வாசலில் நின்று இரண்டாம் தடவை எண்ணுவது அவர் வேலை. போர்டில் என் பெயரை மட்டும் எழுதினேன். கல்பனா பிறக்கும் முன்பே செத்துப்போனார், வீட்டில் அந்தப் பேரை நான் எடுத்ததே கிடையாது.

"யாருப்பா இது?"

"தெரியாது" என்றேன்.

மறுநாள் தானாகவே ஒன்றானது, ஏனென்று இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் அறிக்கை மட்டும் எழுதிவிட்டாள், சரிசெய்தவர்கள் கல்பனா, சௌரவ் என்று. கேட்டால், "நீங்க வாசல்னு ஒரு வார்த்தை சொன்னீங்க, அவ்வளவுதானேப்பா" என்கிறாள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள். 'யோசனை சொன்னவர்' என்ற கட்டத்தை வெறுமனே விட்டிருக்கிறாள்.

அதில் என் பெயரை எழுதச் சொல்லுங்கள். இன்றைக்கே எழுதட்டும். காலிக் கட்டத்தை விட்டுவைத்தால் அதில் யார் பெயர் வந்து விழும் என்று எனக்குத் தெரியும்.