சுந்தரவல்லியின் மூக்கு

ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்காமல் நூறு பேருக்குப் புளியோதரை கிண்ட முடியுமா? சுந்தரவல்லி இருபத்தைந்து வருடம் கிண்டினாள். மதுரையில் சௌராஷ்டிரர் வீடுகளில் புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுவதென்றால், முதலில் அவளுக்கு நாள் ஒத்துவருமா என்றுதான் கேட்பார்கள். படைக்கும்முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. குனிந்து முகர்வதுகூடத் தப்பு. உருளியில் புளிக்காய்ச்சல் கொதிக்கும்போது மூன்றடி தள்ளி, கண்ணை மூடி நிற்பாள். ஆவி தானாக வந்து மூக்கில் படும். "இன்னும் அரைக் கை உப்பு" என்பாள். அதோடு முடிந்தது கதை. பந்தியில் உட்கார்ந்த ஒருவரும் உப்பு கேட்டதில்லை. அம்மாடி, மூக்கா அது!

அந்த மூக்குதான் தொண்ணூற்றேழில் மக்கர் பண்ண ஆரம்பித்தது. குனிந்தால் நெற்றி தெறித்தது. பீனிசம் என்றார்கள். மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை இழுத்தாள், ஆவி பிடித்தாள், இடது புருவத்துக்கு மேல் சுக்குப் பற்றைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஒரு நாள் காலையில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகைந்தது. பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரியவில்லை. மகன் கார்த்திகேஷ் மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தான்.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்கு போன சமையல்காரியைத் தளிகைக்கு எவர் கூப்பிடுவார்? இருபத்தைந்து வருடம் சம்பாதித்த பேர் ஒரே நாளில் போய்விடும். அவளுக்கென்று இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

ஒச்சாயிக்கு மட்டும் தெரியும். கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரி, பத்து வருடமாக சுந்தரவல்லிக்குக் காய் நறுக்குகிறவள். அவளும் அதே ஆவியைத்தானே பத்து வருடம் சுவாசித்திருக்கிறாள்? இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். உப்பு குறைந்தால் ஒச்சாயி தொண்டையைச் செருமுவாள்; சுந்தரவல்லி அரைக் கை போடுவாள். சரியாக இருந்தால் சத்தமே வராது. இப்படியே இரண்டு புரட்டாசியை ஓட்டிவிட்டார்கள், கெட்டிக்காரிகள்.

மூன்றாவது புரட்டாசியில் மாட்டிக்கொண்டார்கள். சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் செய்யும் ஜனகராஜ் வீட்டுத் தளிகை. முந்தின நாள் மழையில் விறகு நனைந்து, அடுப்படி முழுக்கப் புகை. ஒச்சாயிக்குப் புகை தொண்டையில் ஏறிவிட்டது. செருமினாள். சுந்தரவல்லி அரைக் கை போட்டாள். ஒச்சாயி பதறிப்போய் வேண்டாம் என்று கையை ஆட்டப் பார்த்தாள். அதற்குள் இன்னொரு செருமல் வந்து தொலைத்தது. கண்ணை மூடி நின்றவள் இன்னும் அரைக் கை போட்டாள்.

பூஜை முடிந்து முதல் இலையில் ஜனகராஜ் உட்கார்ந்தார். பெரிய மனுஷன், பெருமாள் பிரசாதமாயிற்றே என்று முகம் சுளிக்காமல் முழுசும் சாப்பிட்டார். நடுவில் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். அந்த மூன்றாவது டம்ளரைப் பார்த்ததும் சுந்தரவல்லிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

ஒச்சாயி அழுதுகொண்டே முன்னால் வந்தாள். "நாந்தேன் இருமித் தொலைச்சேன், அக்காவ ஒண்ணும் சொல்லாதீக."

"நீ சும்மா இரு. போட்ட கை என் கை" என்றாள் சுந்தரவல்லி. பிறகு பந்தியைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, எனக்கு ரெண்டு வருசமா வாசனையே தெரியல. ஒங்க எல்லாத்துக்கிட்டயும் மறைச்சுட்டேன். பெருமாளுக்கே உப்புக் கரிக்கப் படைச்சுட்டேன். மூக்கு சரியாகாம இனி உருளியத் தொட மாட்டேன்."

எத்தனை பேருக்கு இந்தத் துணிச்சல் வரும்? ஒச்சாயி மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை, காது மூக்கு தொண்டை டாக்டர் இம்மானுவேல் முதல் வேலையாகப் பற்றைக் கழுவச் சொன்னார். கழுவினால், புருவத்துக்கு மேல் நெல்லிக்காய் அளவு வீக்கம். இரண்டு வருடமாகப் பற்று அதை மூடியே வைத்திருந்தது; கையில் தட்டுப்பட்டதையும் பற்றின் கட்டி என்றே அவள் நினைத்திருந்தாள். ஸ்கேன் எடுக்கவைத்து, படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறையில் சளி தேங்கி, எலும்பை அரித்துக்கொண்டிருந்தது. மூக்குக்குள் சதை வளர்ந்து வாசனைக்கும் வழியில்லை.

"இதுக்கு மேல விட்டா கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்தும்மா. ரெண்டு வழி இருக்கு. புருவத்துகிட்ட கீறி, நெத்தி எலும்ப மூடி மாதிரி தெறந்து சுத்தம் பண்ணிட்டு, வயித்துக் கொழுப்ப வச்சு அந்த அறையவே அடைச்சிரலாம். இல்லன்னா, வெளிய கீறாம மூக்கு வழியாவே கேமராக் குழாய விட்டு, வழிய அகலமாக்கலாம். ஆனா அது திரும்ப அடைச்சாலும் அடைக்கும். அப்ப ட்ரில் வச்சு ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒரே வாசலாக்கணும்."

"ஒரேயடியா அடைச்சிருங்க சார்" என்றான் கார்த்திகேஷ். அம்மாவின் கண் போய்விடக் கூடாதே என்றிருந்தது அவனுக்கு.

சுந்தரவல்லி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புகைபோக்கி அடைச்சுக்கிட்டா அடுப்புக்குள்ள செங்கல்ல வச்சா பூசுவோம்? புகைபோக்கியத்தான சார் சுத்தம் பண்ணுவோம்? மூக்கு வழியாவே பண்ணுங்க. மறுபடி அடைச்சா மறுபடி வாரேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஒங்க வீக்கத்துக்கு நானும் அதத்தான் மொதல்ல சொல்லுவேன். சதையவும் எடுத்துர்றேன். ஆனா வாசனை திரும்பும்னு உறுதி தர முடியாதும்மா."

"நீங்க பண்ணுங்க. மத்தத அந்தப் பெருமாள் பாத்துக்கட்டும்."

ஆபரேஷன் முடிந்து, மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, புகைப் பக்கமே போகக் கூடாது என்று அனுப்பினார்கள். தினம் இரண்டு வேளை, காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். கை அளவாலேயே நூறு பேருக்கு உப்புப் போட்டவள், தன் மூக்குக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஸ்பூனால் அளந்து போட்டாள். நெற்றி வலி போனது, வீக்கம் வடிந்தது. வாசனை மட்டும் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். தலையணைக்கடியில் பெருங்காயக் கட்டி வைத்து, விடிந்ததும் எடுத்து முகர்ந்து பார்ப்பாள். ஒன்றும் இராது. எழுந்து உப்புத் தண்ணீர் கலக்கப் போய்விடுவாள்.

மூன்றாவது மாதம் டாக்டரைப் பார்த்துவிட்டு, ஒச்சாயியோடு சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸுக்கு நின்றாள். பக்கத்தில் சாக்கடையைத் தோண்டிக் கரையில் போட்டிருந்தார்கள். நின்றவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். சுந்தரவல்லி மட்டும் நகரவில்லை. கண்ணை மூடியிருந்தாள்.

"அக்கா, நாத்தம் கொடலப் பிடுங்குது. வாங்க அங்கிட்டுப் போவோம்."

"நாறுதாடி?"

"எம்புட்டு நாறுது! ஏன், ஒங்களுக்கு…" ஒச்சாயி திரும்பிப் பார்த்தாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கொஞ்ச நேரம் நிக்கிறேன்டி. அடுத்த பஸ்ஸுல போவோம்."

அடுத்த புரட்டாசியில் ஜனகராஜே ஆள் அனுப்பினார். உருளி கொதித்தது. சுந்தரவல்லி மூன்றடி தள்ளி நின்றாள். நிறைய நேரம் நின்றாள். பழைய மூக்கு முழுசாகத் திரும்பவில்லை என்று அவளுக்குத் தெரியும். அரைக் கை போட்டாள். "ஒச்சாயி, இங்க என் பக்கத்துல வந்து நில்லு. இருமாத, வாயால சொல்லு" என்றாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஒச்சாயி வந்து, ஆவி மூக்கில் படும்வரை நின்றாள். "போதும்க்கா."

ஜனகராஜ் முதல் இலையில் உட்கார்ந்தார். சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டார். சுந்தரவல்லி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இலையை மூடி எழும்வரை அவர் அதைத் தொடவில்லை.