கெண்டைக்காலில் தங்கிய உப்பு

காலை எட்டுப் பத்து. கணினித் திரையில் என் கணவரின் கெண்டைக்கால் வெள்ளையாக ஒளிர்வதைத்தான் முதலில் கண்டேன். அவர் டயாலிசிஸ் செய்துகொள்பவர். சிறுநீரக, இதய நோயாளரின் உடலில் தங்கும் உப்பை ஸ்கான் செய்து அளக்கும் ஆய்வொன்றுக்காக ரொறன்ரோ நகருக்குள் வந்திருந்தோம். உப்பு தங்கிய இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

"பாத்தீங்களோ? என்ர சமையலில உப்பே இல்லை. மோர்னிங்சைட் கடையில கள்ளமா ரோல்ஸ் திண்டது உதில தெரியுது," என்றேன்.

"பொலிசுக்கும் போன் அடிச்சுச் சொல்லுமன்," என்றார் அவர்.

ஆய்வு செய்த தமிழ்ப் பெண் சிரிக்கவில்லை. "அன்ரி, அங்கிள் என்ன சாப்பிட்டவர் எண்டு இந்தப் படம் சொல்லாது. கிட்னி வேலை செய்யாட்டி, குறைச்சுச் சாப்பிட்டாலும் உப்பு தோலிலயும் தசையிலயும் தேங்கி நிக்கும்."

என் கணவர் காலுறையை மாட்டிக்கொண்டார்.

தான் எதையும் தின்னவில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. விருந்துச் சாப்பாட்டில் கைவைத்துவிடுவார் என்று அவரை வீட்டில் விட்டுவிட்டு, கலியாணங்களுக்கு நான் தனியே போய்வந்தேன்.

காரில் ஏறியதும், "இனி எல்லா இடமும் சேர்ந்து போவம்," என்றேன்.

"ஓம்," என்றார்.

அவருடைய ஒரே தங்கையின் மகளுக்கு முந்திய சனிக்கிழமைதான் கலியாணம் நடந்து முடிந்திருந்தது.