ஒன்பதாம் யூனிட் காலி

வின்சம் டல்லக் வேலை பார்த்தது ஒரு லண்டன் கவுன்சிலின் திட்டப் பிரிவில். எங்கள் எல்லைக்குள் இருக்கும் பட்டறைகள், சிறு தொழிற்சாலைகள், கிடங்குகள் எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒரு தரம் நேரில் போய்ப் பார்த்து, இயங்குகிறதா, காலியா, வேறு எதுவாகவாவது மாறிவிட்டதா என்று பதிவேட்டில் எழுதுவதுதான் வேலை. அறுநூற்றுச் சொச்சம் கதவுகள். இருபத்தாறு வருஷம் இதைச் செய்தாள். நான் அடுத்த மேசையில் வரைபடம் போடுகிறவன். அவள் எழுதிக்கொண்டு வருவதைப் பார்த்து, இயங்கும் இடத்துக்கு ஊதா நிறமும் காலி இடத்துக்குச் சாம்பல் நிறமும் அடிப்பேன். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. இருந்தும் ஒரு நாள்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் அவளுக்கு ‘மேப்பு’.

அவளுடைய பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அப்பா இதே எல்லைக்குள் ஒரு பாட்டரி தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இப்போது அங்கே பளு தூக்கும் ஜிம் நடக்கிறது. அதையும் அவளே போய்ப் பார்த்து, ‘தொழிற்சாலை அல்ல, உடற்பயிற்சிக் கூடம்’ என்று எழுதிவிட்டு வந்தாள். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். “வருத்தப்பட்டா எந்தக் கட்டத்துல டிக் போடுறது?” என்றாள்.

மூடிய ஷட்டரை அவள் நம்பமாட்டாள். குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். பூட்டில் சிலந்தி வலை இருக்கிறதா, கதவிடுக்கில் தபால் குவிந்திருக்கிறதா, வாசலில் வண்டிச் சக்கரத்தின் ஈரத் தடம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பாள். முதல் தடவை யாரும் இல்லையென்றால் நாலைந்து நாள் கழித்து இன்னொரு தடவை போவாள். இரண்டு தடவையும் ஆளில்லாமல் இருந்தால்தான் காலி. ஒரு தரம் ஒரு கிடங்குக்காரர், “மேஜை நாற்காலி அடுக்கி வச்சிருக்கேம்மா, வேற ஒண்ணுமில்ல” என்று சாதித்தார். உள்ளே ஒரே மாதிரி முன்னூறு நாற்காலி, ஓரத்தில் துணி போட்டு மூடிய டிரம் செட்.

“பாஸ்டர், எங்கம்மா போன சர்ச்சும் இந்த மாதிரி ஒரு கிடங்குலதான் இருந்துச்சு. எங்கிட்டயேவா?” என்றாள் வின்சம்.

“தெரிஞ்சே கேக்கறீங்களே தங்கச்சி. கடவுளுக்குத் தெரிஞ்சா போதாதா, கவுன்சிலுக்கும் தெரியணுமா?”

“கடவுள் அறிக்கை கேக்க மாட்டாரு. எங்க கோலின் கேப்பாரு.”

கோலின் பெக் எங்கள் மேலதிகாரி. கெட்டவர் அல்ல, பயந்தவர். அவர் பயத்துக்கும் காரணம் உண்டு. எங்கள் ஊரில் நிலத்துக்கு இருக்கும் கிராக்கியில், ஒரு பட்டறையை இடித்து அடுக்குமாடி கட்டத்தான் எல்லா உரிமையாளரும் துடிக்கிறார்கள். சும்மா இடிக்க விடமாட்டோம். ஆனால் தொடர்ந்து மூன்று வருஷம் அந்த இடம் காலியாகக் கிடந்தது என்று காட்டினால் அனுமதி கேட்க வழி உண்டு. அதைக் காட்ட எங்கள் பதிவேடுதான் சாட்சி. வக்கீல்கள் எத்தனையோ முறை அதைக் குடைந்து பார்த்திருக்கிறார்கள், ஒரு வரியைக்கூட அசைக்க முடிந்ததில்லை. வின்சமுக்கு அதில் வெளியே காட்டிக்கொள்ளாத கர்வம். எனக்குக் காட்டிக்கொள்ளும் கர்வம்.

போன வருஷம் ஜூன் மாதம், கீழே வரவேற்பு மேசையிலிருந்து போன் வந்தது. ஒருவர் விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த அறிவிப்பைக் கையோடு அறுத்துக்கொண்டு வந்திருக்கிறார், காலி இடங்களை யார் எழுதுவது என்று கேட்கிறார் என்றார்கள். அறிவிப்பை அறுப்பது குற்றம், அதை நான் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு வின்சமோடு இறங்கினேன்.

வந்தவர் பெயர் ஃபரமர்ஸ். இரானியர், அறுபதை நெருங்குகிறவர். ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தார். காகிதத்தை மேசைமேல் வைத்து நீவிவிட்டார். ஃபெல்ட்மில் சந்து வளாகத்தை இடித்து நூற்றுப்பத்து வீடு கட்ட ஒரு கம்பெனி போட்ட விண்ணப்பத்தைப் பற்றி நாங்கள் கட்டியிருந்த அறிவிப்பு அது.

“இதுல ஒன்பதாம் யூனிட் மூணு வருஷமா காலின்னு போட்டிருக்கு. எவன்டா சொன்னான்னு தேடிப் பார்த்தேன். கீழ கவுன்சில்னு இருக்கு. பதினாலு வருஷமா நான் அங்க கம்பளம் துவைக்கிறேன், கானம்.” இரானியர்கள் பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“நான்தான் எழுதினேன். ரெண்டு ரெண்டு தடவை வந்து பார்த்தேன். பூட்டியிருந்துச்சு. கதவுக்கு அடியில தபால் குவிஞ்சு கிடந்துச்சு.”

“எப்ப வந்தீங்க?”

“மார்ச் கடைசி வாரம். மார்ச் முப்பத்தொண்ணுதான் எங்களுக்குக் கணக்கு முடிக்கிற தேதி. உங்க சந்து எப்பவும் கடைசியா வரும்.”

“மூணு வருஷமும் மார்ச் கடைசியா?”

“இருபத்தாறு வருஷமும்.”

ஃபரமர்ஸ் சிரித்துவிட்டார்.

“அது எங்க புது வருஷம், கானம். மார்ச் இருபதுலேர்ந்து பதிமூணு நாள். அப்ப எந்த இரானியனாவது பட்டறையத் திறந்து வச்சா பொண்டாட்டி வீட்டுக்குள்ள சேர்க்கமாட்டா. நாங்க நாலு பேரும் ஊர்லயே இருக்கமாட்டோம். பிப்ரவரியில வந்து பாருங்க. புது வருஷத்துக்கு வீடு கழுவுறேன்னு லண்டன்ல இருக்கற அத்தனை கம்பளமும் எங்கிட்டதான் கிடக்கும், கால் வைக்க இடம் இருக்காது.”

வின்சம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “முன்னெல்லாம் பக்கத்து யூனிட்ல டயர் கடை இருந்துச்சு. அந்த ஆளக் கேப்பேன். ‘இருக்காங்க, லீவுல போயிருக்காங்க’ம்பாரு. இயங்குதுன்னு எழுதிடுவேன். அவரு போனப்புறம் கேக்க ஆள் இல்ல.”

“எல்லாரையும் ஒவ்வொருத்தரா அனுப்பிட்டாங்க. நான் ஒருத்தன்தான் பாக்கி. பழைய முதலாளிகிட்ட கையக் குலுக்கி எடுத்த இடம். அவரு செத்துட்டாரு, பிள்ளைங்க ஒரு கம்பெனிக்கு வித்துட்டாங்க. வரி, கரண்டு எல்லாம் மொத்த வளாகத்துக்கும் சேர்த்து அவங்க பேர்ல. நான் அங்க இருக்கேன்னு சொல்ல உங்க பதிவேடு ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் நான் இல்ல.”

அன்று மத்தியானமே அவள் போய்ப் பார்த்தாள், நானும் கூடப் போனேன். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. தரையெல்லாம் தண்ணீரும் நுரையும். இரண்டு பேர் நீளக் கைப்பிடி போட்ட கட்டையால் ஒரு சிவப்புக் கம்பளத்திலிருந்து அழுக்குத் தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தார்கள். மேலே கம்பிகளில் வரிசையாகக் கம்பளங்கள் காய்ந்தன. வெளியே பெயர்ப் பலகை இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஒருவர் சொல்லி ஒருவர் வருகிறவர்கள். சின்னக் கண்ணாடிக் கிளாஸில் டீ கொடுத்தார்கள். வின்சம் கையில் வாங்கிக்கொண்டாளே தவிர குடிக்கவில்லை.

கோலின் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். “இப்ப அங்க வேலை நடக்குதுன்னு ஒரு குறிப்பு சேர்த்துடலாம். அது போதும்.”

“போதாது கோலின். இப்ப நடக்குதுன்னு சொன்னா, நேத்து வந்து உக்காந்தான்னு சொல்லுவாங்க. மூணு வருஷம் காலின்னு நான் எழுதினது அப்படியேதான் நிக்கும். இடிச்சிடுவாங்க.”

“சரி, தப்புன்னே ஒத்துக்கறோம்னு வச்சுக்குங்க. இதே பதிவேட்ட வச்சுதான் இன்னும் நாலு இடத்துல வாதாடிக்கிட்டு இருக்கோம். அது என்ன ஆகும்? இருபத்தாறு வருஷத்து வேலை, வின்சம். உங்க வேலை.”

நானும் கோலின் பக்கம்தான் பேசினேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரே ஒரு ஆளுக்காக மொத்தப் பதிவேட்டையும் குப்பையில் போடாதே, அவருக்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்கலாம் என்றேன்.

“சாம்பல் கலர் அடிச்சவன் நீ, மேப்பு. போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னவ நான். உனக்கு ரப்பர் போட்டு அழிச்சாத் தீர்ந்துடும்” என்றாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஜூலையில் ஒரு மாலை, டவுன் ஹாலில் திட்டக் குழு கூடியது. ஃபரமர்ஸ் தன் ஆட்களோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் இல்லை, கோட் போட்டிருந்தார். அதிகாரிகள் பேசுகிற இடத்தில் வின்சம் எழுந்து, ஒன்பதாம் யூனிட் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை, மூன்று வருஷமும் தவறாக எழுதியது நான்தான் என்று சொன்னாள். எழுதி எடுத்துப் போயிருந்த காகிதத்தை அவள் பார்க்கவேயில்லை.

கம்பெனியின் வக்கீல் மரியாதையான பெண்மணி. குரலை உயர்த்தாமல் கேட்டார்: “இந்த ஒரு கதவு தப்புன்னா, மத்த அறுநூறு கதவு?”

“தெரியல.”

“தெரியலையா? இருபத்தாறு வருஷமா எழுதினவங்க நீங்கதானே?”

“நான்தான். ஒவ்வொரு கதவையும் வருஷா வருஷம் அதே மாசத்துலதான் பார்த்திருக்கேன். அந்த மாசம் லீவு போட்டவங்க வேற யார் யாருன்னு எனக்குத் தெரியாது.”

கோலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஓட்டு எடுத்தார்கள். ஏழு பேர் விண்ணப்பத்தை மறுத்தார்கள், நாலு பேர் ஆதரித்தார்கள். ஃபரமர்ஸ் வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு இனிப்புப் பெட்டி. வாங்கக்கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது.

“என்ன கானம், முகம் இப்படி இருக்கு? ஜெயிச்சுட்டோமே!”

“நீங்க ஜெயிச்சீங்க ஃபரமர்ஸ். நல்லா இருங்க” என்று அவர் கையைப் பிடித்துவிட்டு நடந்தாள். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். விதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான்.

வக்கீலின் கேள்வி அவளை விடவில்லை. ஆகஸ்டில், காலி என்று சாம்பல் நிறம் அடித்திருந்த நாற்பத்தோரு கதவுகளின் பட்டியலை என்னிடம் கேட்டு வாங்கினாள். இந்தத் தடவை காலை ஆறு மணிக்கும் போனாள், சனிக்கிழமையும் போனாள். பதினோரு கதவு திறந்தது. ஒன்றில் மீன் புகை போடுகிறவர்கள், விடிவதற்குள் வேலையை முடித்துப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள். ஒன்றில் கல்யாணப் பந்தல் வாடகைக்கு விடும் அண்ணன் தம்பி, வெயில் காலத்தில் மட்டும் திறப்பவர்கள். ஒவ்வொரு நாளும் சாயந்திரம் வந்து, “ஊதா, மேப்பு” என்று சொல்லிக் காகிதத்தை என் மேசையில் வைப்பாள். அவ்வளவுதான் பேச்சு. பதினோராவது காகிதத்தை வைத்தபோது எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன். பழைய வருஷத்து வரைபடங்களை எடு என்றாள். தொடர்ந்து மூன்று வருஷம் சாம்பல் நிறம் இருந்து, பிறகு இடித்து வீடு கட்டிய இடங்கள் எத்தனை என்று எண்ணச் சொன்னாள். பத்தொன்பது.

“இதையெல்லாம் இப்ப தெரிஞ்சு என்ன பண்ணப் போற வின்சம்?”

“ஒண்ணும் பண்ண முடியாது. தெரியும் மேப்பு.”

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு வேளையில், பட்டியலில் முதலில் இருந்த இடத்துக்கு நடந்து போனோம். கால்வாய் ஓரம் ஆறு மாடிக் கட்டடம். பால்கனிகளில் சைக்கிளும் பூந்தொட்டியும். எங்கள் பதிவேட்டில் அது பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ‘கிடங்கு, காலி’. என்ன கிடங்கு, யார் கிடங்கு என்று ஒரு வார்த்தை இல்லை. காலி என்று எழுதிவிட்டால் பெயர் எழுதத் தேவையில்லை, அப்படித்தான் எங்கள் படிவம். வாசலில் அழைப்பு மணிப் பொத்தான்கள் நாற்பது இருந்தன. வின்சம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைப் பையோடு வெளியே வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து நின்றாள். “யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?”

“இங்க முன்னால இருந்தவங்களத் தேடி வந்தோம்மா.”

“முன்னால யாரும் இல்லையே. இந்தக் கட்டடத்துக்கே நாங்கதான் முதல்ல குடி வந்தவங்க. அதுக்கு முந்தி இந்த இடம் சும்மா கிடந்துச்சாம். வீடு வாங்கும்போது காட்டின காகிதத்துல இருந்துச்சு. கவுன்சில்லயே அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்களாம்.”

“ஆமாம்மா” என்றாள் வின்சம். “நான்தான் எழுதினேன்.”