சம்பந்தியின் இருபது குச்சிகள்

என் சம்பந்திக்கு, அதாவது மருமகளின் அப்பாவுக்கு, தெரிந்தது வெளிச்சம் ஒன்றுதான். பல்பு கடை கவுன்டரில் முப்பத்திரண்டு வருடம் நின்றவர். பல்பை ஹோல்டரில் மாட்டி, எரிகிறது பார் என்று காட்டி, அட்டைக்குள் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. அதற்கே, சூரியனைத் தினமும் தான்தான் சுவிட்சு போட்டு எழுப்புகிற மாதிரி நடப்பார்.

யாருக்கு எது வந்தாலும் ஒரே மருந்து. தலைவலி என்றால் "ரூம்ல வெளிச்சம் பத்தல." பிள்ளை படிக்கவில்லை என்றாலும் அதேதான். என் மகன் கல்யாணத்தன்று மண்டபத்தில் ஒரு ட்யூப் மினுக்குகிறது என்று நாற்காலி மேல் ஏறினார், இறங்கவே இல்லை. ஆல்பத்தில் பெண்ணைப் பெற்றவருடைய முகம் கிடையாது, முழங்காலுக்குக் கீழே மட்டும் இருக்கிறது.

அவர் மனைவி நல்ல மனுஷி. அந்த வீட்டு வெளிச்சத்துக்குப் பயந்துதானோ என்னவோ, பாதி நாள் கொல்லையில்தான் இருப்பார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்தி வைத்திருந்தார். வெளிர் மஞ்சள் பூ, நடுவில் ரத்தச் சிவப்பு. முப்பது வருடம் நர்சரியில் வேலை பார்த்தவன் நான், அந்த நிறத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தம்மா போய் மூன்று வருடமாகிறது. செடி மட்டும் நின்றது.

அதற்கும் நாள் வந்தது. சம்பந்தி குடியிருந்தது வாடகை வீடு; அதன் சொந்தக்காரர் கொல்லைக்கு சிமென்ட் போட வேண்டும் என்று ஒரே காலையில் செடியை வெட்டிச் சாய்த்துவிட்டார். சம்பந்தியிடமிருந்து போன் வந்தபோது மருமகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள், எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

"மாமா, அம்மா வச்சதுல மிச்சம் அது ஒண்ணுதான். எப்படியாவது ஒரு குச்சியாவது பொழைக்க வச்சுக் குடுங்க" என்று அழுதாள். மடியில் என் பேத்தி. நாலு விரலைச் சேர்த்தால் அவள் முகம் மறைந்துவிடும். கொட்டாவி விட்டால் வீடே வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் சம்பந்தி இளம் நுனியாகப் பார்த்து இருபது குச்சி நறுக்கி, ஓர் இலைகூடக் கிள்ளாமல் தொட்டியில் நட்டு, மொட்டை மாடியில் வெட்டவெளியில் வரிசையாக வைத்திருந்தார்.

"சம்பந்தி, குச்சிக்கு இன்னும் வேர் கிடையாது. இலை வழியா தண்ணி போயிட்டே இருக்கும், கீழேர்ந்து குடிக்க வாய் இல்ல. நேர் வெயில் பட்டா தாங்காது. வெளிச்சம் மட்டும் பட்டா போதும்."

"வெளிச்சம் வேணும்னு நீங்களே சொல்றீங்க!"

"வெளிச்சம் வேற, வெயில் வேற."

"வெளிச்சத்தையே வித்தவன்கிட்ட பாடம் எடுக்குறீங்களா? நர்சரியில நீங்க மண்ணுதானே சுமந்தீங்க?"

சுமந்தேன்தான். சுமந்த மண்ணுக்கு இருந்த விவரம்கூட இவருக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். சம்பந்தியாச்சே, சண்டை வேண்டாமென்று பணிவாக ஐந்து குச்சி கேட்டேன். "உங்க வீடு குகை. அங்க எல்லாம் அழுகிடும்" என்றார்.

கீழே குப்பையில் அவர் தூக்கிப்போட்ட தடித்த குச்சிகள் கிடந்தன. பென்சில் கனத்தில் ஏழு பொறுக்கினேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"குப்பையை எங்க தூக்கிட்டுப் போறீங்க? பேத்திக்கு கிலுகிலுப்பை செய்யவா?"

வீட்டுக்கு வந்து இரண்டு இலை மட்டும் விட்டு, அதையும் பாதியாகக் கத்தரித்து, சின்னத் தொட்டிகளில் ஈர மணல் நிரப்பி நட்டு, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தேன். எங்கே வைப்பது? எனக்குத் தெரிந்த கணக்கு கைக்கணக்குதான். செடிக்கு மேலே கையை நீட்டினால் நிழல் மங்கலாக விழ வேண்டும். அழுத்தமாக விழுந்தால் வெயில் அதிகம். விழவே இல்லையென்றால் இருட்டு, அழுகிவிடும். வீடு முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு திரிந்தேன். பாத்ரூம் ஜன்னலில்தான் சரியாக விழுந்தது. அதில் பால் நிறக் கண்ணாடி.

பன்னிரண்டாம் நாள் சம்பந்தி போனில் எடுத்த படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நாலு வேளை தண்ணீர் ஊற்றியதில் அவருடைய குச்சிகள் துளிர்த்திருந்தன. தெருவில் பால்காரரிலிருந்து அத்தனை பேரிடமும் காட்டிவிட்டுத்தான் எங்கள் வீட்டுப் படி ஏறினார்.

"பாத்தீங்களா துளிரை? உங்க குப்பை எப்படி இருக்கு?"

என்னுடையது வெறும் குச்சியாகத்தான் நின்றது. மருமகள் என்னைப் பார்த்தாள். அதுதான் சுருக்கென்றது.

"அது உள்ள இருக்கிற சத்தைச் செலவு பண்ணி விட்ட துளிரும்மா. வேர் இல்ல" என்றேன். சம்பந்தி, வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்கிற மாதிரி தலையாட்டினார்.

மூன்றாவது வாரம் இருபதும் கருகின. அதற்கு மனுஷன் சொன்ன காரணம்: "மேகமூட்டம். வெளிச்சம் பத்தல."

பேத்திக்கு ஐம்பத்தைந்து நாளான அன்று குச்சியை லேசாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை, பிடித்துக்கொண்டது. ஏழில் ஐந்து அப்படி. ஒன்றை மணலோடு தோண்டி மருமகளிடம் காட்டினேன். வெள்ளை வெளேரென்று நூல் நூலாக வேர். "அம்மா" என்றாள், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து சம்பந்தி வந்தார். வேரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"பாத்ரூம்ல எத்தனை வாட்டு பல்பு போட்டிருக்கீங்க?"

கேட்டுக்கொண்டே இரண்டு தொட்டியைத் தூக்கி, "இனிமே நல்ல வெயில்ல வைக்கணும்" என்று மாடிப்படிக்குத் திரும்பினார்.

"அப்பா, கீழ வைங்க" என்றாள் மருமகள். "அம்மா செடிய நீங்க இனிமே தொடாதீங்க."

வைத்துவிட்டார். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொட்டிலுக்குப் போய், பழக்க தோஷம், தலைக்கு மேலே ட்யூபைப் போட்டார். பேத்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வீல் என்று கத்தினாள். மருமகள் வந்து பட்டென்று விளக்கை அணைத்தாள். திரை வழியாக வந்த வெளிச்சத்தில் குழந்தை மெல்லக் கண்ணைத் திறந்து தாத்தாவைப் பார்த்தது. ஐம்பத்தைந்து நாள் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, எவ்வளவு வெளிச்சம் போதும் என்று.

அவருக்குப் புரிந்திருக்குமோ என்று ஒரு நிமிஷம் நானும் நினைத்தேன். போகும்போது வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். பகல் பதினோரு மணி.