விரல் மூடிய துளைகள்

வீரலட்சுமி தமிழில் சண்டை போடுவாள், மலையாளத்தில் எழுதுவாள், ஆங்கிலத்தில் வேலை பார்த்தாள். மூன்றாவதைத்தான் அவள் தெருக்காரர்களால் கடைசிவரை நம்ப முடியவில்லை.

தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம். அப்பா அய்யாசாமிக்கு நகரசபையில் துப்புரவு வேலை. மட்டாஞ்சேரிச் சந்தையைக் கூட்டிப் பெருக்கியே வயதைக் கழித்தவர், மகள் கையில் மட்டும் துடைப்பம் ஏறக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். பத்தாவது முடித்து, காலேஜில் பிரிடிகிரியும் முடித்து, டைப்பிங்கும் படித்தாள். தொண்ணூற்று நாலில் அவளைப் பிச்சைமணிக்குக் கட்டிவைத்தார்கள்.

பிச்சைமணி கொச்சங்காடியில் ஒரு மிளகுக் குடோனில் எடை போடுகிறவன். பேச்சில் தங்கம், வாயில் மட்டும் எந்நேரமும் பீடி. மகள் பிந்து வயிற்றில் இருந்தபோது அந்தப் பீடி நாற்றம் வீரலட்சுமியின் குடலைப் புரட்டியது. படகுத்துறைக்குப் போகிற வழியில் ஒரு விளம்பரப் பலகை இருந்தது. வெள்ளையும் இளநீலமுமாக ஒரு சிகரெட் பெட்டி, பக்கத்தில் மலை, அருவி. ‘மைல்டு’ என்று எழுதியிருந்தது. அன்று சாயங்காலமே பேச்சை எடுத்துவிட்டாள்.

“ஏங்க, விடச் சொன்னா விடமாட்டீங்க. அந்தப் பீடியவாது தூக்கிப் போட்டுட்டு மைல்டுக்கு மாறுங்களேன். அதுல கெடுதல் கம்மியாம்.”

“யாரு சொன்னா?”

“போர்டுல போட்டிருக்கு.”

அவனும் மாறினான். வீட்டில் நாற்றம் குறைந்தது. தெருக்குழாயடியில் பெண்கள் பேசிக்கொள்ளும்போது, “எங்க வீட்டுக்காரரு பீடிய விட்டாச்சு, இப்ப மைல்டுதான்” என்று சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு வந்தபோதும் அவன் அசரவில்லை. குடோனுக்குப் பின்னாலிருந்த சந்துக்குள் போய்ப் பற்றவைத்துக்கொண்டான்.

பிந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு எர்ணாகுளத்தில் ஒரு கம்ப்யூட்டர் அலுவலகத்தில் வீரலட்சுமிக்கு வேலை கிடைத்தது. தினமும் காலையில் மட்டாஞ்சேரித் துறையில் படகேறுவாள். வேலை இதுதான்: கடல்கடந்து எங்கிருந்தோ பழைய காகிதங்களின் படங்கள் திரையில் வந்து விழும். யார் எழுதியது, யாருக்கு, என்ன தேதி, எதைப் பற்றி என்று பார்த்து, கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். படித்துப் புரிந்துகொள்ளத் தேவையில்லை, பிழையில்லாமல் தட்டினால் போதும். ஆரம்பத்தில் அவளும் அப்படித்தான் செய்தாள். பிறகு, சோறு வடிக்கிறவளுக்குப் பதம் தெரிகிற மாதிரி, தானாகவே விஷயம் பிடிபட ஆரம்பித்தது. எல்லாமே சிகரெட் கம்பெனிக் காகிதங்கள்!

மேற்பார்வையாளர் மஞ்சுஷாவிடம் கேட்டாள். அவள் மலையாளத்தில் விளக்கினாள். அமெரிக்காவில் வழக்கு மேல் வழக்குப் போட்டு, கம்பெனிகள் பூட்டி வைத்திருந்த பெட்டிகளையெல்லாம் திறக்க வைத்துவிட்டார்கள். அந்தக் காகிதங்கள் இப்போது இன்டர்நெட்டில் ஏறுகின்றன. ஆராய்ச்சி செய்கிறவர்கள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தேடி எடுக்கத்தான் இந்தக் கட்டங்கள்.

“அப்ப நான்கூடப் படிக்கலாமா, சேச்சி?”

“ஏறினபின்னே ஆருக்கும் வாயிக்காம் மோளே. ரகசியம் ஒண்ணும் இல்லா.” யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம்.

ஒரு மழைக்காலத்து மதியம் அந்தப் பக்கம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒருவர் இன்னொருவருக்கு எழுதிய குறிப்பு. மைல்டு சிகரெட்டின் ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. இயந்திரத்தில் வைத்து அளக்கும்போது அவற்றின் வழியே காற்று கலப்பதால் அளவு குறைவாகக் காட்டும். ஆனால் மனிதன் பிடிக்கும்போது விரலும் உதடும் துளைகளை மூடிக்கொள்கின்றன. திருப்தி போதாமல் இழுப்பும் பலமாகிறது. ஆகவே உள்ளே போவதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

வீரலட்சுமி தேதியைத் தட்டினாள். அவள் தவழ்ந்துகொண்டிருந்த வருடம். அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று படகில் திரும்பும்போதும் அந்தக் குறிப்பு அவள் மனதை விட்டு இறங்கவில்லை. காரணம் காகிதம் மட்டுமல்ல. ஓணத்துக்குப் பிறகு பிச்சைமணியின் குரல் கம்மிக்கொண்டே வந்தது. குடோன் தூசி என்று அவன் சொன்னான்; அவளும் நம்பியிருந்தாள்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து அவன் சிகரெட் பிடிப்பதை அன்றுதான் கூர்ந்து பார்த்தாள். ஃபில்டரை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அடிவரை அழுத்திப் பிடித்திருந்தான். கன்னம் குழிவிழ இழுத்தான். பீடிக்குக்கூட அப்படி இழுத்ததில்லை. அந்த ஆய்வுக்கூடத்துக்காரன் எதிரே உட்கார்ந்து இவனைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினானோ என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் சொன்னாள். அவன் சிரித்தான்.

“அமெரிக்காக்காரன் கத. நம்மூரு சிகரெட்டுக்கும் அதுக்கும் என்ன பந்தம்?”

ஞாயிற்றுக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு யூசுப்பின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். யூசுப் ராவுத்தர் வீட்டுப் பையன். அவர்கள் வீட்டிலும் தமிழ்தான். தன் கடையில் சினிமாப் படம் பார்க்க வருகிறவர்களையே கண்டவன், இன்டர்நெட்டில் முன்பே ஏறியிருந்த அதே மாதிரிக் குறிப்பொன்றை வீரலட்சுமி தேடி எடுத்ததைப் பார்த்து, “இதென்ன லெட்சுமியக்கா, கோர்ட்டுக் காயிதமா?” என்று கேட்டான்.

“ஆமா, உங்க சேட்டனுக்கு சம்மன்” என்றாள்.

திரையில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னாள். பிச்சைமணி முதலில் காலை ஆட்டிக்கொண்டு கேட்டான். துளைகள் பற்றிய இடம் வந்ததும் கால் நின்றது. சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து, கடை வாசலுக்குப் போய், வெளிச்சத்தில் ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுற்றிலும் ஊசி குத்தியது போல் ஒரு வரிசை. யூசுப்பும் எட்டிப் பார்த்தான்.

“படைச்சவனே, ஆமாம்ல!” என்றான்.

அந்தச் சிகரெட்டைப் பற்றவைக்காமலே பிச்சைமணி வீடுவரை கையில் கொண்டுவந்தான். வீட்டுக்கு வந்ததும் வீரலட்சுமிதான் உடைந்தாள்.

“நான்தான உங்கள இதுக்கு மாத்திவிட்டேன். பீடின்னா பயந்துகிட்டாவது குறைச்சிருப்பீங்க. மைல்டு மைல்டுன்னு நானே கொண்டாந்து ஊட்டிவிட்ட மாதிரி ஆச்சு.”

அவன் கம்மிய குரலில், “போடி கிறுக்கி” என்றான். “இழுத்தது என் வாயி. பொய் எழுதுனது அவன். எடையில நீ எங்க வர்ற?”

எடை போடுகிறவன் சொன்ன கணக்கு அது. அவளுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அவன் குரலைப் பற்றிய பயம் இறங்கவில்லை. மறுவாரம் எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண்மேல் ஒரு தடிப்பு இருக்கிறது, கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். முடிவு வரும்வரை எதையும் நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார். நினைக்காமல் இருப்பது யாரால் ஆகும்?

காத்திருந்த நாட்களில் பிச்சைமணி சிகரெட்டைத் தொடவில்லை. விட்டான் என்பதைவிட, விட்டு அல்லாடினான் என்பதே சரி. குடோனிலிருந்து சுக்குத் துண்டு கொண்டுவந்து வாயில் அடக்கிக்கொண்டான். சாயாவில் சர்க்கரை சரியில்லை என்று கத்தினான், பிந்துவின் ரேடியோவை அணைத்தான், பிறகு தானே போய்ப் போட்டுவிட்டு வந்தான். வீரலட்சுமி அலுவலகத்தில் பக்கம் பக்கமாகத் தட்டினாள். முன்பெல்லாம் கண்ணில் பட்டது கையோடு போய்விடும். இப்போது ‘தொண்டை’ என்ற சொல் வந்தால் விரல் நின்றது. மஞ்சுஷா கவனித்துவிட்டு, அவள் திரைக்கு வேறு பக்கங்களை மாற்றிக்கொடுத்தாள்.

முடிவு வந்த அன்று இருவரும் டாக்டர் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் தாளைப் படித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

“பேடிக்க வேண்டா. கான்சர் அல்லா.”

பயப்பட வேண்டாம், கான்சர் இல்லை என்று அவர் சொன்னது வீரலட்சுமிக்குக் கேட்டது, ஆனால் விளங்க நேரமாயிற்று. “அல்லாதானே டாக்டர்?” என்று மறுபடி கேட்டாள். சாதாரணத் தசை வளர்ச்சிதான், சின்ன ஆபரேஷனில் எடுத்துவிடலாம் என்றார் அவர். “பக்ஷே புகை இனி வேண்டா” என்று விரலை ஆட்டினார்.

வெளியே வந்ததும் பிச்சைமணி மரத்தடிச் சுவரில் சாய்ந்து நின்றான். அழுகிறானோ என்று பார்த்தாள். பசிக்கிறது என்றான். எதிர்க்கடையில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் வாங்கி, இரண்டு பேரும் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். படகில் திரும்பும்போது அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கியே போனாள். பல நாள் தூக்கம்.

ஆபரேஷனுக்குப் பின் சில நாட்கள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிச்சைமணியைப் போன்ற வாயாடிக்கு அது பெரிய தண்டனை. சைகை காட்டிக் காட்டிக் கை ஓய்ந்து, பிந்துவின் சிலேட்டை வாங்கி எழுதினான். தெரு முழுவதும் வந்து வேடிக்கை பார்த்தது.

ஒரு பிற்பகல் அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. மஞ்சுஷா எடுத்து, “வீரலட்சுமிக்காணு” என்று நீட்டினாள்.

“லெட்சுமியா?” என்றது ஓர் ஆண்குரல். புதுக் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது.

“ஆமா, நீங்க யாரு பேசுறது?”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. “கட்டுன புருஷன யாருன்னு கேக்கறியேடி! நல்லா இருக்கே கத.”

பீடிக் கரகரப்போடுதான் அவளுக்கு அவனைத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குரலை அவள் கேட்டதேயில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் வந்தது.

“இன்னும் கொஞ்சம் பேசுங்க” என்றாள்.

“என்ன பேச?”

“எதையாவது பேசுங்க. சந்தையில மீன் என்ன வந்திருக்கு, அதச் சொல்லுங்க.”

அவன் அயிலையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். அவள் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.