அனெக்ஸுக்கு ஓர் இங்கிலிஷ் வருணனை

இங்கிலிஷ்காரன் வீட்டில் அறைகள் சும்மா இருப்பதில்லை. ஹோல் நம்மைக் கையைப் பிடித்துப் படுக்கையறைக்குக் கூட்டிப் போகும். கதவு நேரே தோட்டத்தின் மேல் திறக்கும். ஜன்னல் எந்நேரமும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் அறைகள் தம் பாட்டில் கிடக்கும். போவது, திறப்பது, எட்டிப் பார்ப்பது எல்லாம் நம் வேலை. இந்த வித்தியாசத்தை விற்றுத்தான் நான் கண்டியில் பிழைக்கிறேன்.

கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் ரோட்டுக்குக் கீழே, சரிவில், ஓர் அனெக்ஸில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் தம் வீட்டில் ஒரு துண்டைப் பிரித்து, பக்கவாட்டில் சீமெந்துப் படி கட்டி, வாடகைக்கு விட்டால் அதற்கு இங்கே அனெக்ஸ் என்று பெயர். எங்கள் வீட்டுக்காரர் மடவளைக்காரர், டவுனில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஹாஜியார். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வீடாக இருந்ததற்குச் சாட்சியாக எங்கள் ஹோலில் ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்தால் அவர்களுடைய குசினிக்கு ஏறும் படிகள் வரும் என்று கேள்வி. திறந்து பார்த்ததில்லை. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நான் என் வெள்ளைப் பலகையைச் சாத்தி வைத்திருந்தேன்.

நோன்பு மாதத்தில் அவர்கள் கஞ்சி அனுப்புவார்கள். இஞ்சியும் ரம்பை இலையும் சேர்ந்த வாசனை அந்தக் கதவின் இடுக்கு வழியாக எங்களுக்கு முதலில் வந்துவிடும். கஞ்சி மட்டும் அவர்கள் முன்வாசலால் இறங்கி, ரோட்டுக்கு வந்து, கேட்டைத் திறந்து, பக்கப் படியால் கீழே வந்து, எங்கள் வாசலில் நின்று கூப்பிடும். தைப்பொங்கலுக்கு எங்கள் பொங்கலும் அதே வழியாக மேலே ஏறும், போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். "வாசனைக்கு ஒரு வழி, மரியாதைக்கு ஒரு வழி" என்பாள் என் மனைவி.

பின்னேரங்களில் ஹோலில் இங்கிலிஷ் வகுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் ஹோட்டல் வேலைக்குப் போகப் பார்க்கும் இளசுகள். விருந்தினருக்கு அறை காட்டும்போது ஊமையாக நிற்காமல் நாலு வார்த்தை பேச வேண்டும். லீட்ஸ் டு, ஓபன்ஸ் ஆன்டு, லுக்ஸ் அவுட் ஓவர், பேக்ஸ் ஆன்டு என்று பலகையில் எழுதி, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தொண்டை வற்றக் கத்துவேன். உங்கள் வீட்டை இந்தச் சொற்களால் சொல்லுங்கள் பார்ப்போம் என்றால் வகுப்பு தரையைப் பார்க்கும். ஹேவாஹெட்டவிலிருந்து வரும் ஒரு பிள்ளை மட்டும் ஒருநாள் எழுந்து நின்றாள்.

"இந்தப் பேக்ஸ் ஆன்டு எங்க லயத்துக்குன்னே செஞ்ச சொல்லு சேர். எங்க வீட்டு முதுகுல இன்னொரு வீடு ஒட்டிக்கிட்டு இருக்கு. அவங்க அடுப்ப பத்த வச்சா எங்க சுவரு சுடும்."

எல்லோரும் சிரித்தார்கள். பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த நான் எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தேன். அவளை மற்ற மூன்று சொற்களுக்கும் உதாரணம் கேட்கவில்லை. லயத்து வீட்டில் எந்த அறை எங்கே கூட்டிப் போகும்? இருப்பது ஒரு காம்பிரா, மீறினால் ஒரு குசினி. வாசல் சாக்கடைக் கானின் மேல் திறக்கும்.

வகுப்புப் போக, கண்டியைச் சுற்றியுள்ள விருந்தினர் விடுதிகளுக்கு இன்டர்நெட்டில் போட வருணனை எழுதிக் கொடுப்பதும் என் தொழில். இதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. கண்டி வாவி தெரிய வேண்டுமானால் கொமட்டின் மேல் ஏறி நின்று கழுத்தைத் திருப்ப வேண்டிய அறைகூட, என் கைபட்டால் வாவியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பொய் எழுதியதாக யாரும் என்னைப் பிடிக்க முடியாது. பார்ப்பது ஜன்னல்தானே, விருந்தினர் இல்லையே.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, தொப்பியைக் கழற்றாமலே, ஹாஜியார் எங்கள் படியிறங்கி வந்தார். கதிரையில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, கால்களை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"சேர், ஒரு சின்ன ஒதவி. ஒரு வூட்டப் பத்தி இங்கிலிஷ்ல அழகா எழுதித் தரணும். வெள்ளக்காரங்க பாத்துட்டு வார மாதிரி."

"அதுக்கென்ன ஹாஜியார். எத்தன ரூம்?"

"ஒரு ஹோல், ஒரு ரூம், குசினி, பாத்ரூம். அவ்வளவுதான்."

சின்ன வீடுகள் என் தனித்திறமை. என் மண்டைக்குள் வாக்கியங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. "சின்னதுதான் இப்ப நல்லாப் போகுது. தனி வழி இருக்கா? தனி வழி இருந்தா வெளிநாட்டுக்காரங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஜன்னலால என்ன தெரியும்?"

ஹாஜியார் என் ஜன்னலைப் பார்த்தார். அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன்.

"மகாவலி ஆறு" என்றார். "அந்த மரம் இல்லாட்டி இன்னும் நல்லாத் தெரியும்."

என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவர்தான் பேசினார். மிகவும் நல்ல மனிதர், பேச்சில் ஒரு கடுமை கிடையாது. "நாளைக்கே போங்கன்டு செல்லல்ல சேர். பெருநாள் முடியட்டும். நல்ல எடமாப் பாத்து, ஒங்கட நல்ல நேரத்தையும் பாத்துப் போங்கோ. இப்ப எல்லாரும் ரூம் போடுறாங்க. கட யாவாரமும் முந்தி மாதிரி இல்ல." பிறகு எழுந்து என் தோளைத் தட்டினார். "ஒங்களப் போல ஆருக்கும் எழுத ஏலாது சேர்."

அன்று பின்னேரம் மனைவியிடம் சொன்னேன். டவுனில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறவள், அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"நம்மள வெளிய அனுப்புறதுக்கு நம்மகிட்டயே எழுதி வாங்குறாங்களா? நீங்களும் சரின்னீங்களா?"

"இல்லேன்னு எப்பிடிச் சொல்றது?"

"சொந்தச் செலவுல சூனியம் வக்கிறதுன்னு சொல்லுவாங்க. இதுவரைக்கும் பாத்ததில்ல, இப்பப் பாத்துட்டேன்."

பயம் எனக்கும் இருந்தது. வீடு போனால் வகுப்பு போகும், வகுப்பு போனால் பிழைப்பு போகும். கண்டியில் வீடு தேடுவது என்ன பாடு என்று தேடியவனுக்குத் தெரியும். போனில் நான் இங்கிலிஷில் பேசும்வரை எல்லா வீடும் காலியாக இருக்கும். நேரில் போய் நின்றதும் சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். பன்வில என்று சொன்னதும், மகனுக்குக் கல்யாணம் சரிவந்திருக்கிறது, வீடு மகனுக்குத் தேவைப்படும் என்பார்கள். அந்த வருடம் கண்டியில் எத்தனை மகன்மாருக்குக் கல்யாணம் சரிவந்தது! மிஞ்சிய ஒரு வீட்டுக்காரம்மா, ஆட்கள் செருப்போடு வந்து போகும் வகுப்பெல்லாம் தமக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டார்.

கோபமும் இருந்தது. அதைக் காட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழியில் காட்டினேன். உட்கார்ந்து வருணனையை எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டைப் பற்றி உண்மையை மட்டும் எழுதினேன். செங்குத்தான, மழையில் வழுக்கும் படிகள் உங்களை இருட்டான ஒரு ஹோலுக்குக் கூட்டி வருகின்றன. படுக்கையறை குசினிக்கும், குசினி குளியலறைக்கும் வழிவிடுகின்றன. ஆகவே குளிக்கப் போகிறவர் சமைப்பவரைத் தாண்டியே போக வேண்டும். ஜன்னல் ஒரு பலாமரத்தையும் அதன் பின்னால் ஓர் ஆறு இருக்கக்கூடும் என்ற எண்ணத்தையும் பார்க்கிறது. பின்சுவர் அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டுக்கு முதுகு கொடுத்து நிற்கிறது. இலக்கணத்தில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாது. இதைப் படித்துவிட்டு ஒரு வெள்ளைக்காரன் படியிறங்கி வந்தால் அவன் எங்களோடு சேர்ந்து வாடகைக்கு இருக்கவேண்டியவன்தான்.

ஹாஜியாருக்கு இங்கிலிஷ் பில் எழுதும் அளவுக்குத் தெரியும். கடுதாசியை இரண்டு கையாலும் வாங்கி, மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டி, "மாஷா அல்லாஹ், என்ன அழகான இங்கிலிஷ்!" என்றார். கடைக்குப் போகும் வழியில் ஒரு டஜன் கொலிக்குட்டு வாழைப்பழம் வாங்கி, மரியாதையின் வழியாக, சுற்றிக் கீழே அனுப்பினார். நான் ஒரு பழத்தை உரித்துத் தின்றேன். தொண்டையில் இறங்கத்தான் செய்தது.

அதன்பிறகு பேச்சு மூச்சில்லை. பெருநாள் வந்து போனது. பெருநாள் சாப்பாட்டோடு ஹாஜியாரின் சிரிப்பும் வழமைபோல் வந்தது, வீட்டுப் பேச்சு மட்டும் வரவில்லை. என் கடுதாசி இன்டர்நெட்டில் ஏறி, படித்தவர்களையெல்லாம் துரத்திக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனைவிக்கு நம்பிக்கையில்லை. "ஆறப் போட்டா ஆறிடும்னு நெனக்கிறீங்க. பாருங்க" என்றாள். நான் வீடு தேடுவதை நிறுத்தியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹாஜியாரின் மனைவி வந்தார். முன்வாசலால் சுற்றி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு கையில் வட்டலப்பமும் மறுகையில் போனுமாக. இத்தனை வருடத்தில் அவர் எங்களோடு "சுகமா?"வுக்கு மேல் பேசியதில்லை. மனைவி கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

"சேர், இதப் போட முந்தி ஒருக்காத் திருத்தித் தாங்கோ. நீங்க எழுதினத நான் கொஞ்சம் மாத்தியீக்கிறேன்."

படித்தேன். இங்கிலிஷ்தான். கல்லுப் படிகள் மரநிழலுக்குள்ளே இறங்கி ஒரு குளிர்ந்த ஹோலுக்குக் கூட்டி வந்தன. குசினி வீட்டின் நடுவில் இருந்தது, மற்றதெல்லாம் அதிலிருந்து பிரிந்து போயிற்று. ஜன்னல் ஒரு முதிய பலாவின் மேலாக மகாவலியைப் பார்த்தது. என் மாணவர்கள் மாதக்கணக்காகத் தப்பாகச் சொல்லும் லுக்ஸ் அவுட் ஓவர், இருக்கவேண்டிய இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கோழிகள் இல்லை. அதிகாலையில் கிராமத்தின் சத்தங்கள் இருந்தன.

"யார் எழுதினது?"

"நான்தான்." அவர் வெள்ளைப் பலகையைக் கையால் காட்டினார். "அதுக்கு அங்கால எங்கட படி. பின்னேரம் வெங்காயம் உரிக்க அதுலதான் குந்துவேன். நீங்க கேள்வி கேட்டு, புள்ளைகள் ஒண்டும் பேசாம ஈந்தா எனக்கு வாய் துடிக்கும் சேர். சத்தம் வராமச் செல்லுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க எழுதினதப் படிச்ச நேரமே வெளங்கிட்டு. நீங்க வகுப்புல அப்பிடியா செல்லிக் குடுத்தீங்க? ஹாஜியாருக்கு நான் ஒண்டும் செல்லல்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, எதற்கு மறைப்பது, சந்தோஷமாகவும் இருந்தது. என்னிடம் படித்தவர்களில் இவ்வளவு சுத்தமாக ஒருவரும் எழுதியதில்லை. என்னை வெளியேற்றும் கடுதாசியைப் படித்துவிட்டு ஒரு வாத்தியாராகப் பூரித்துப் போய் நின்றேன். இப்படிப்பட்ட ஒரு கிறுக்கைக் கட்டிக்கொண்டதை நினைத்தோ என்னவோ, மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரி சரியா சேர்? அதுலதான் எனக்குச் சந்தேகம்."

கடைசி வரியை வாசித்தேன். மறுபடி வாசித்தேன்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் மனைவி.

தமிழில் சொன்னேன். "ஹோலில் உள்ள ஒரு கதவு எங்கள் குசினிக்கு ஏறி வருகிறது. அது உங்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கும்."

மனைவி பலகையை நகர்த்தினாள். அதன் பின்னால் கதவு, நாங்கள் வந்த நாளில் இருந்த மாதிரியே, அடைத்துக் கிடந்தது. அவள் சண்டைக்காரியல்ல. சும்மா ஒரு விஷயம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"ஏன்க்கா, எங்களுக்கு ஒரு நாளும் தொறக்கலியே?"

ஹாஜியாரின் மனைவி கேள்வியைத் தப்பாக எடுக்கவில்லை. தெரியாத ஒன்றை விளக்கிச் சொல்கிறவரின் பொறுமையோடு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அவங்க ரெண்டு நாள் ஈந்துட்டுப் போற ஆக்கள் புள்ள. அவங்களுக்குத் தொறந்து வச்சா என்ன? நீங்க அப்பிடியா? நீங்க எந்நாளும் ஈக்கிற ஆக்களெல்லியா."

போனில் திருத்த ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஈக்கிற ஆக்களாகிய நாங்கள் அந்த மாதக் கடைசியில் சாமான்களைக் கட்டி, பக்கப் படியால் ஒவ்வொன்றாக ரோட்டுக்கு ஏற்றினோம்.