எப்சி கிடந்த கரை

என் அக்கா ரெபேக்காளைத் தென்காசி சபையில் எல்லாரும் ‘தீவு டீச்சர்’ என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டம் ஆகாது. பிறந்தது, வளர்ந்தது, ட்ரெய்னிங் முடித்து மிஷன் பள்ளியில் வாத்திச்சியானது எல்லாம் தென்காசியில். நடுவில் ஏழு வருஷம் ஒரு தீவில் கிடந்துவிட்டு வந்தாள் என்பதற்காக மற்றதெல்லாம் இல்லையென்று ஆகிவிடுமா? போன மாதம் அவளை அடக்கம் பண்ணினோம். பாதிரி ஐயர் பிரசங்கத்தில், அந்தத் தீவின் பாடுகளையெல்லாம் நம் சகோதரி சந்தோஷமாகச் சகித்தார் என்று சொன்னார். சந்தோஷமாகவாம்! இடம் கல்லறைத் தோட்டமாகப் போய்விட்டது. இல்லையென்றால் நான் அங்கேயே வாயைத் திறந்திருப்பேன்.

நான் ஞானதுரை. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். லாரிக்காரர்களிடம் கத்திக் கத்தி எனக்கு மெதுவாகப் பேச வராது. அக்கா அதற்கு நேர்மாறு. பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டு பேசுவாள். அதனால் அவளுக்கு மனக்குறையே இல்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அத்தான் அருமைநாயகம் சுரண்டைப் பக்கத்துக்காரர். பள்ளியில் வாத்தியார், சபையில் உபதேசியார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷன். ஒரு பொய் சொல்லமாட்டார். சொன்ன வார்த்தையை உயிர் போனாலும் மாற்றமாட்டார். அந்த இரண்டாவது குணம்தான் அக்காவைப் படுத்தியது.

1954-ல் சாரல் சமயம் குற்றாலத்தில் பந்தல் போட்டு மிஷன் கூட்டம் நடந்தது. அந்தமானையும் தாண்டித் தெற்கே ஒரு தீவு இருக்கிறது, ஊழியத்துக்கு யார் போகிறீர்கள் என்று பிரசங்கியார் கேட்டார். அத்தான் எழுந்து நின்றார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவிடம் அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டம் மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. அவளும் எழுந்து நின்றாள். வீட்டுக்கு வந்ததும், உனக்கென்ன பைத்தியமா என்று நான் குதித்தேன்.

“அவுக நின்னுட்டாக. நான் உக்காந்திருந்தா அவுக மொகம் என்னத்துக்காகும்?” என்றாள். அவ்வளவுதான் அவளுடைய தேவ அழைப்பு.

தென்காசி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டேன். மெட்ராஸ் போய், அங்கிருந்து கப்பல், அப்புறம் சின்னப் படகு. போய்ச் சேர்ந்து முதல் ஒரு வருஷம் அக்கா அழுதுகொண்டே இருந்தாளாம். வீடு நான்கு மரக்கால்மேல் நிற்கும். தரையில் கால் வைக்க ஏணியில் இறங்க வேண்டும். கீழே பன்றிகள் படுத்துக் கிடக்கும். கப்பல் வந்தால் அரிசி, வராவிட்டால் தாழம்பழத்தை அவித்துப் பிசைந்த களி. மழையென்றால் குற்றாலத்துச் சாரல் மாதிரி மேலுக்கு இதமாக இருக்காது, கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும். அத்தானுக்குச் சோறும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம். தீவுப் பாஷையைப் புத்தகம் வைத்துப் படித்துப் பிரசங்கம் பண்ணினார். அவர் பேசப் பேச தீவு ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம்.

அக்காவுக்குப் பாஷை சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு லோமி. அக்கா வயதுதான். களி கிண்டுவது, மீனைச் சுட்டு உரிப்பது, வயிற்று வலிக்கு எந்த இலையைக் கசக்குவது என்று எல்லாம் அவள் காட்டிக்கொடுத்தாள். ஒருவர் வீட்டு அடுப்பில் மற்றவர் தீ எடுப்பது என்று ஆனபிறகு அக்காவின் அழுகை நின்றது. அத்தானின் பிரசங்கத்துக்காக இல்லாவிட்டாலும் அக்காவுக்காக லோமி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். 1957-ல் அக்காவுக்கு எப்சிபாள் பிறந்தபோது பிள்ளையைக் கையில் வாங்கியதும் அவள்தான். எங்கள் எப்சிக்கு முதலில் வந்த பேச்சு தமிழா, தீவுப் பாஷையா என்று கேட்டால் அக்காவுக்கே சொல்லத் தெரியாது.

லோமிக்கு ஒரு மகன் இருந்து, இவர்கள் போவதற்கு முன்பே காய்ச்சலில் செத்துப்போனான். அந்தத் தீவில் ஒரு வழக்கம். செத்தவர்களைக் கடற்கரை ஓரத்து மணலில் புதைப்பார்கள். சில வருஷம் கழித்து எலும்பைத் தோண்டி எடுத்து, இளநீரில் கழுவி, புதுத்துணியில் சுற்றி, ஓர் இரவு வீட்டில் வைத்து ஆசை தீர அழுவார்கள். விடிந்ததும் ஊருக்குள் மேட்டுநிலத்தில், அந்தக் குடும்பத்து முன்னோர் எலும்புகள் இருக்கும் குழியில் சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்த்த பிறகுதான் செத்தவர் வீடு வந்து சேர்ந்ததாக அர்த்தம்.

அத்தானுக்கு இது பேய்க்காரியமாகப் பட்டது. மண்ணுக்குப் போன சரீரத்தை எக்காளம் தொனிக்கும்போது கர்த்தர் எழுப்புவார், மனுஷன் கை வைக்கக்கூடாது என்றார். எலும்பு எடுக்கிற வீட்டுக்கு அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து கிடையாது என்று சட்டம் போட்டார். லோமி மகனை எடுக்கவேண்டிய வருஷம் வந்தபோது அவள் அக்காவிடம் வந்து, ஐயாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். அக்கா கேட்டாள். அத்தான் மசியவில்லை. லோமியைச் சபைக்கு முன்னால் நிறுத்தி, மகனைத் தொடமாட்டேன் என்று வேதத்தின்மேல் கை வைத்துச் சொல்லவைத்தார். சொல்லிவிட்டு அவள் நேரே அக்கா வீட்டு அடுப்படிக்கு வந்து, மடங்கி உட்கார்ந்து அழுதாள். இங்கே தென்காசியில் அந்தச் சங்கதியை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்தார்கள். ஊழியத்தின் வெற்றியென்று ஜனங்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

1960-ல் எப்சியும் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வயது. கப்பல் வர நாளாகும், மருந்து தீர்ந்துபோயிருந்தது. தீவுக்காரர்களின் இடுகாட்டை ஒட்டிச் சபைக்கென்று அத்தான் வாங்கியிருந்த துண்டு மணலில் முதல் குழி அவர் பிள்ளைக்கே ஆனது. அடுத்த வருஷம் அத்தானுக்கு நெஞ்சில் நோவு கண்டு, மிஷன் இருவரையும் திருப்பி அழைத்துக்கொண்டது. தென்காசி ஸ்டேஷனில் அக்காவை இறக்கிக்கொள்ள நான் போயிருந்தேன். அவள் கை இடுப்பில் ஒரு பிள்ளையைத் தாங்குகிற மாதிரியே மடங்கியிருந்தது.

அத்தானுக்குக் குத்துக்கல்வலசைப் பள்ளியில் வேலை கொடுத்தார்கள். அக்கா வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் ஊர்ச்சனம் சுண்ணாம்பு வாளியும் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போகும். அவளும் எங்கள் அப்பா கல்லறைக்கு வருவாள். சின்னச் சின்னக் கல்லறைகளுக்குத் தாய்மார் வெள்ளையடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்கு ஒரு இடம் இல்லையே தொரை என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

1964-ல் அந்தத் தீவுக்கு யோவேல் என்று ஒரு வாலிபனை அனுப்ப ஏற்பாடானது. போவதற்கு முன் குற்றாலத்தில் ஒரு வீடு பிடித்து மிஷன்காரர்கள் கொஞ்சநாள் தங்கியிருந்தார்கள். அத்தானையும் அக்காவையும் பஸ்ஸில் நான்தான் அங்கே கூட்டிப்போனேன். நல்ல சீசன். அருவி இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. யோவேல் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். தீவில் கடல் கரையை அரித்துக்கொண்டு வருகிறது என்று கடிதம் வந்திருக்கிறது. இடுகாட்டு ஓரம் சரிய ஆரம்பித்துவிட்டது. பெரியவர்கள் சம்மதித்தால் எப்சியை எடுத்து, பெட்டியில் வைத்து, அடுத்த கப்பலில் தென்காசிக்கு அனுப்புகிறேன் என்றான்.

அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை. அத்தான் பக்கம் திரும்பினாள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லோமிய எடுக்கவிடாம, எம்பிள்ளைய மட்டும் எடுக்கச் சொல்லுவேனா?” என்றார். “அந்த ஊர் மொகத்துல நான் எப்படி முழிப்பேன் ரெபேக்கா?”

நான் எரிந்து விழுந்தேன். நீர் இனி அந்த ஊருக்கே போகப்போவதில்லை, முழிப்பதென்ன மூடுவதென்ன என்று கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து அமர்த்தினாள். அப்புறம் அத்தானிடம் சொன்னாள்:

“அப்போ லோமியவும் எடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க. ரெண்டு பிள்ளையும் கரையேறட்டும்.”

அத்தான் எழுந்து அருவிப் பக்கம் போய் நின்றுகொண்டார். ஏழு வருஷம் ஒரு தீவுக்கே சத்தியம் என்று சொன்னதை ஒரு நிமிஷத்தில் தப்பு என்று எப்படிச் சொல்வார் அந்த மனுஷன்? யோவேல் காத்திருந்து பார்த்துவிட்டு ரயிலேறிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனால் எனக்கு மூச்சு முட்டும். அக்கா சோறு வைப்பாள், அவர் சாப்பிடுவார், இரண்டு பேரும் சண்டை போட்டதில்லை. கடற்கரையில் புயல் என்று ரேடியோவில் சொன்னால் மட்டும் அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பாள். ஒருநாள் மத்தியானம் அத்தான் பள்ளியிலிருந்து பாதியில் எழுந்து தென்காசி தபாலாபீசுக்குப் போய் யோவேலுக்குத் தந்தி கொடுத்தார். ‘எப்சியையும் லோமி மகனையும் எடுக்கவும். நான் சொன்னது தவறு.’ வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதை அப்படியே சொல்லிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கொண்டார். அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை அவர் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பதில் வரவில்லை. அடுத்த வருஷம் யோவேலே வந்தான், காய்ச்சலில் பாதி உடம்பாக. கையில் பெட்டி இல்லை. நானும் அன்று குத்துக்கல்வலசையில் இருந்தேன். காப்பியைக்கூடத் தொடாமல் சொல்ல ஆரம்பித்தான்.

தந்தி போய்ச் சேருமுன்பே கரை போய்விட்டது. இடுகாடு முழுவதும் கடலுக்குள். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆனால் எப்சி அங்கே இல்லை என்றான். அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே லோமி அவளை எடுத்துவிட்டாள். இளநீரில் கழுவி, தன் புதுத்துணியில் சுற்றி, ஓர் இரவு தன் வீட்டில் வைத்து ஊரைக் கூட்டி அழுதிருக்கிறாள். பிறகு மேட்டுநிலத்தில் தன் குடும்பத்துக் குழியில் சேர்த்துவிட்டாள். அங்கே எல்லா எலும்பும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். பிரித்து எடுக்க முடியாது. அவள் எங்கள் ஆட்களோடு இருக்கிறாள், விட்டுவிடு என்று லோமி சொல்லிவிட்டாளாம்.

“அவ மகன்?” என்று அக்கா கேட்டாள்.

யோவேல் தலையைக் குனிந்துகொண்டான். எப்சியை எடுத்த கையோடு உன் மகனையும் எடுத்திருக்கலாமே என்று அவனும் லோமியிடம் கேட்டிருக்கிறான். அவள் சொன்னதை அப்படியே சொன்னான்:

“எம்பிள்ளையத் தொடமாட்டேன்னு ஐயா எங்கிட்ட வாக்கு வாங்கிட்டாரு. டீச்சரம்மா பிள்ளையப் பத்தி ஒண்ணும் வாங்கலையே.”

அத்தான் கண்ணை மூடிக் கைகூப்பினார். எப்சி பத்திரமா இருக்கா, ஸ்தோத்திரம் என்றார்.

“ஸ்தோத்திரம் சொல்லாதீங்க,” என்றாள் அக்கா. “அவ பிள்ள கடலுக்குள்ள கெடக்கான்.”

எப்சி செத்தபோது அவள் எப்படி அழுதாள் என்று நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுததைப் பார்த்தேன். எவளோ பெற்ற பிள்ளைக்காக, பாயில் புரண்டு, தொண்டை கட்டிப்போகும்வரை அழுதாள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் வழக்கம்போல் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அத்தான் வேதப்புத்தகத்தைத் திறந்தார். வாசிக்காமலே மூடி வைத்தார். அக்கா முழங்கால் போட்டாள். செத்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபையில் இல்லை. கூடாது என்று நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்ததே அத்தான்தான். அக்கா கட்டிப்போன குரலில் ஜெபித்தாள். “கானோவ உம்ம கையில தாரேன் ஆண்டவரே. அவன் அம்மா குடுத்த வாக்க மீறல. நீரும் அவனக் கைவிட்டுராதிரும்.”

அத்தான் தடுக்கவில்லை. ஆமென் சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன்.

“கானோ யாரு?” என்று கேட்டார்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. “லோமி மகன்,” என்றாள்.